கண்ணாடித் தொட்டியில் நெளியும் வெண்ணூல்கள்

மீன் வளர்ப்பு என்றதும் ஏரியும் குளமும் மட்டுமே நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. கிணற்றில் நாலைந்து கெண்டைக் குஞ்சுகளை விட்டுவைப்பது நம் ஊர்ப்புறங்களில் பழகிய வழக்கமே. கொசுப்புழுவை அவை தின்றுவிடும் என்பதும், நீர் கெட்டால் முதலில் மிதந்து காட்டிக்கொடுக்கும் என்பதும் பெரியோர் அதில் கண்ட பயன்கள். இன்று மீன் வரவேற்பறைக்குள் வந்துவிட்டது. சென்னையின் கொளத்தூர்ப் பகுதி அலங்கார மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்று விளங்குகிறது. சிற்றூர்க் கடைத்தெருவிலும் நெகிழிப் பைக்குள் நீந்தும் கப்பியையும் மோலியையும் காண்கிறோம். வாங்கி வருவது எளிது. வாங்கிவந்த பின் தொட்டிக்குள் நடப்பவற்றை அறிந்துகொள்வதே அரிது. அங்ஙனம் அறியாமல் நாம் செய்த பிழை ஒன்றையும், அதன் பின்னர்க் கற்றுக்கொண்ட செய்திகளையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

எம் இல்லத்துத் தொட்டி இரண்டடி நீளமுடையது. ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொள்ளும். அதில் பதினான்கு கப்பி மீன்கள் இருந்தன. சித்திரை மாதத்து வைகறைப் பொழுதொன்றில் எம் இளைய மகள் ஓடிவந்து, "வாப்பா, கண்ணாடியில நூல் நூலா ஏதோ நெளியுது" என்றாள். சென்று நோக்கினோம். மயிரிழையினும் மெல்லிய வெண்ணிறப் புழுக்கள், அரை விரற்கடை நீளத்தன, பத்து இருபதல்ல, நூற்றுக்கணக்கில் கண்ணாடியின் உட்புறத்தே ஒட்டிக்கொண்டிருந்தன. சில நீரின் நடுவே பாம்புபோல் வளைந்து வளைந்து நீந்தின. கண்டதும் உடல் கூசியது என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று விடுமுறை நாள். மீன்களை வாளியில் பிடித்து வைத்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தோம். சரளைக்கற்களைப் பிளீச்சிங் பவுடர் இட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் வெள்ளை நிறம் வரும்வரை பிழிந்தெடுத்தோம். செடிகளை எறிந்தோம். புதுநீர் நிரப்பி, மாலையில் மீன்களைத் திரும்ப விட்டபோது தொட்டி பளிங்குபோல் ஒளிர்ந்தது. மூன்றாம் நாள் மீன்கள் நீர்ப்பரப்பில் வந்து வாய் திறந்து திறந்து மூடின. ஒரு வாரத்திற்குள் பதினொன்று இறந்தன. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி முற்றத்து மாதுளைச் செடியின் அடியில் மகள் புதைத்தாள்; எம்மிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு மாதங் கழித்து அதே கண்ணாடியில் அதே புழுக்கள் மீண்டும் தோன்றின.

கேள்வி புழுவைப் பற்றியதன்று

விலங்கியல் துறை நண்பரிடம் ஒரு சிறு புட்டியில் அந்நீரைக் கொண்டுசென்று காட்டினோம். அவர் புட்டியை ஏறிட்டும் பாராமல், "தொட்டியைக் கடைசியாக எப்போது முழுவதும் கழுவினீர்கள்?" என்று வினவினார். நடந்ததைச் சொன்னோம். "மீன்களைக் கொன்றவை இந்தப் புழுக்கள் அல்ல" என்றார். மீதியை நாமே ஊகித்துக்கொண்டோம்.

அவர் விளக்கியது வருமாறு. மீன் உண்ட உணவின் கழிவு பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அமோனியாவே பிறக்கிறது. இது மீனுக்குக் கொடிய நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் பரந்த நீரில் இது கரைந்து போகும். இரண்டடித் தொட்டியில் போக்கிடம் ஏது? அங்கே மீனைக் காப்பவை கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்கள். ஒருவகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே; மீனின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுத்துவிடும். இறுதியில் எஞ்சும் நைட்ரேட்டோ அளவுக்கு மிஞ்சாதவரை பெருந்தீங்கு செய்வதில்லை. மண்ணிலும் நீரிலும் இவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து மெய்ப்பித்தவர் உருசிய அறிஞர் செர்கேய் வினோகிராத்ஸ்கி, ஆண்டு 1890.

இப்பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பன அல்ல. சரளையின் மேலும், வடிகட்டிப் பஞ்சின் இழைகளிலும், செடியின் இலைகளிலும் படர்ந்து வாழ்வன. புதிய தொட்டி ஒன்றில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாம் பிளீச்சிங் பவுடர் கொண்டு தேய்த்தெடுத்தது அழுக்கையன்று, மீன்களின் உயிர்க்காவலை. பிளீச்சிங் பவுடரோ குழாய் நீரின் குளோரினோ கொன்றிருந்தால் மீன்கள் அன்றிரவே மாண்டிருக்கும் என்றும், மூன்றாம் நாள் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக இறந்தமை அமோனியா ஏறியதன் அடையாளம் என்றும் நண்பர் காரணம் காட்டினார். நீர் வெதுவெதுப்பாக இருக்குந்தோறும், காரத்தன்மை மிகுந்தோறும் அமோனியாவின் நச்சுத்தன்மை கூடும். நம் ஊர்க் கோடையும் உப்புச்சுவை கலந்த நிலத்தடி நீரும் இதற்கு எவ்வளவு ஏற்றவை என்று சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறுவது தகும். 'கிருமி' என்று இன்று நாம் நோய் செய்யும் நுண்ணுயிரைக் குறிக்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்குப் புழு என்பதே பொருள். புழு என்னும் பொருள் பின்னே போய் நோய் என்னும் பொருள் முன்னே வந்து நின்றுவிட்டது. புழுவைக் கண்டதும் நோயைக் கண்டதாகவே மனம் அஞ்சுவதில் இச்சொல்லுக்கும் பங்குண்டு போலும். நோய் செய்யாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை அச்சத்தினால் அழித்துவிட்டு, கேடற்ற புழுவை மீண்டும் வரவேற்றதே எம் அன்றைய உழைப்பின் பயன்.

நுண்ணோக்கியில் கண்டது

பிறகுதான் நண்பர் புட்டியைத் திறந்தார். ஒரு துளி நீரைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியின் கீழ்க் காட்டினார். கூசிய உடல் அங்கே வியப்பில் ஆழ்ந்தது என்றே சொல்லவேண்டும். புழுவின் உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தது. உண்ட துகள்கள் குடலுக்குள் நகர்வதைக் காண முடிந்தது. உடல் வளையம் வளையமாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு வளையத்தின் இருமருங்கும் மெல்லிய முட்கள் துருத்திக்கொண்டிருந்தன. மண்புழுவின் நெருங்கிய உறவு இது என்றார் நண்பர். நாங்கூழ் என்று நம் முன்னோர் வழங்கிய மண்புழு நிலத்தில் செய்யும் பணியை இது தொட்டியின் அடியில் செய்கிறது. மிஞ்சிய தீனி, மீனின் கழிவு, உதிர்ந்த இலை ஆகியவை அழுகிச் சேரும் வண்டலே இதன் உணவு. மீனைக் கடிப்பதில்லை, குருதி குடிப்பதில்லை, மனிதருக்கும் இதனால் நோயில்லை.

ஒரு புழுவின் நடுவே இடுக்கு விழுந்தாற்போல் ஒரு தடம் தெரிந்தது. அவ்விடத்தில் மற்றொரு தலை உருவாகிக்கொண்டிருந்தது! சில நாட்களில் அது இரண்டாகப் பிரிந்துவிடும். ஆணும் பெண்ணும் வேண்டியதில்லை. தீனி மிகுந்த தொட்டியில் இவை திடுமெனப் பெருகும் மறைபொருள் இதுவே. இதையொத்த நன்னீர்ப் புழுக்களை வெட்டி, ஒவ்வொரு துண்டும் முழுப்புழுவாக வளர்வதை 1741ஆம் ஆண்டிலேயே செனீவா நகரத்து அறிஞர் சார்லசு பொன்னே கண்டறிந்தார்.

அவை ஏன் வைகறையில் கண்ணாடி மேல் ஏறின என்ற ஐயமும் தீர்ந்தது. வழக்கமாக இவை சரளைக்குள் மறைந்தே வாழ்வன. பகலில் செடிகள் ஒளியின் துணையால் உயிர்வளியை வெளிவிடும். இரவில் அவையும் உயிர்வளியை உட்கொள்ளும். எனவே விடியும் நேரத்தில் தொட்டியின் உயிர்வளி மிகக் குறைந்து நிற்கும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் கொள்ளாது. சித்திரை வெயிலில் அடியில் அழுகும் வண்டலும் சேர்ந்துகொண்டால், சரளைக்குள் மூச்சுமுட்டும் புழு மேலே ஏறாமல் என்ன செய்யும்? ஆகவே கண்ணாடியில் ஏறிய புழு நமக்கு ஒரு தூது சொல்லிற்று. நாம் தூதனைக் கொன்றோம்.

இனம் பிரித்தறிதல்

மெல்லியதாய் நெளியும் எல்லாமே இவ்வகையைச் சேர்ந்தன என்று கருதிவிடலாகாது. முதற்கண் வேறுபடுத்த வேண்டியது பிளனேரியா என்னும் தட்டைப்புழு. இது நெளிவதில்லை, எண்ணெய் வழிவதுபோல் கண்ணாடியில் வழுக்கிச் செல்லும். உடல் தட்டை, தலை அம்பு முனைபோல் முக்கோணமானது, தலையில் இரு கரும்புள்ளிகள் கண்களாக அமைந்து மாறுகண் பார்ப்பதுபோல் தோன்றும். வாயோ தலையில் இல்லை, வயிற்றின் நடுவே இருக்கிறது. கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினால் ஒதுங்கி இருளைத் தேடும். வளர்ந்த மீனுக்கு இதனால் இடர் மிகுதியில்லை என்றாலும், மீன்முட்டைகளையும் சிறு இறால்களின் குஞ்சுகளையும் இது தின்னும். இறால் வளர்ப்போர் இதன் பெயரைக் கேட்டாலே அஞ்சுவது அதனால்தான்.

பிளனேரியாவைக் கண்ணாடியில் வைத்து நசுக்குவதும் கீறுவதும் வீண் வேலை. தாமசு அண்ட் மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர் 1898இல் இதனைப் பலவாறு வெட்டி ஆராய்ந்தார். உடலின் 279இல் ஒரு பங்கே ஆன துண்டும் முழுப்புழுவாக வளரவல்லது என்னும் கணக்கு அவ்வாராய்ச்சியிலிருந்து இன்றளவும் எடுத்துச் சொல்லப்படுகிறது. குரோமோசோம் பற்றிய ஆய்வுக்காக 1933இல் நோபல் பரிசு பெற்ற மார்கன் இவரே.

மற்றவற்றைச் சுருங்கக் கூறலாம். ஓரிடத்தே ஒட்டிக்கொண்டு கைகளை விரித்தாட்டுவது ஹைட்ரா. அது புழுவே அன்று. செந்நிறமாய்த் துள்ளித் துள்ளி வளைவது ஒருவகை ஈயின் இளம்பருவம். மீன் அதை விரும்பி உண்ணும். இருமுனையாலும் பற்றிப் பற்றி நகர்வது அட்டை, கண்டவுடன் எடுத்தெறிக.

உண்மையில் அஞ்சவேண்டிய புழு கண்ணாடியில் தோன்றுவதில்லை, மீனிடமே தோன்றும். கப்பி, மோலி முதலிய குட்டிபோடும் மீன்கள் அசையாது நிற்கும்போது, கழிவுத்துளையிலிருந்து செந்நிற இழைகள் இரண்டு மூன்று சிறு தூரிகைபோல் நீட்டிக்கொண்டிருந்தால், அது கமலானசு என்னும் உருளைப்புழு. குடலைப் பற்றிக் குருதியை உறிஞ்சி மீனை மெலிவித்துக் கொல்வது அது. நம் பெரியோர் அறிந்த நரம்புச்சிலந்தி நோயை உண்டாக்கிய புழு இதற்கு நெருங்கிய இனம். படிக்கிணற்று நீரிலிருந்த நுண்ணிய நீர்த்தெள்ளு வழியே மனித உடலில் புகுந்து, காலைத் துளைத்து வெளிவந்த அக்கொடிய புழு 1996ஆம் ஆண்டோடு இந்தியாவில் ஓய்ந்தது. 2000இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டை அந்நோய் நீங்கிய நாடாகச் சான்றளித்தது. கமலானசும் இயல்பில் அவ்வாறே நீர்த்தெள்ளின் வழிப் பரவுவது. ஆனால் நெருக்கமான தொட்டிக்குள் அந்த இடைத்துணையின்றியே மீனிலிருந்து மீனுக்குத் தாவவும் வல்லது. கால்நடைகளுக்குக் குடற்புழு நீக்கத் தரப்படும் லெவமிசோல் என்னும் மருந்து இதற்குப் பயன்படுகிறது. அளவைக் கால்நடை மருத்துவரிடமோ மீன்நோய் அறிந்தாரிடமோ கேட்டே இடல் வேண்டும். மருந்துக்குப்பின் அடியில் வீழ்ந்த புழுக்களை உறிஞ்சி அகற்றவும், இரண்டு மூன்று வாரங் கழித்து மீண்டும் ஒருமுறை இடவும் வேண்டும். தட்டைப்புழுவுக்கான பிரசிகுவாண்டெல் இதனிடம் செல்லாது. கடைக்காரர் தருவதை வாங்கி ஊற்றுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

செய்யத்தக்கவை

வண்டல் புழுவுக்கு மருந்து வேண்டியதில்லை. அது பெருகக் காரணமான தீனியைக் குறைத்தாலே போதும். மீனுக்குத் தீனியிடுவதில் நம் இல்லங்களில் ஒரு விருந்தோம்பற் பண்பு புகுந்துவிடுகிறது! காலையில் தந்தை, பள்ளி விட்டு வந்த பிள்ளை, மாலையில் வந்த விருந்தினர் என ஆளுக்கொரு பிடி இடுவர். மேலே வந்து வாய் திறக்கும் மீனைக் கண்டால் பசி என்றே தோன்றும், அது பழக்கம். மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே ஒருவேளைக்குப் போதும். நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை. வாரத்தில் ஒருநாள் ஒன்றுமே வேண்டா. பட்டினி நாளில் கப்பி மீன் சரளையைக் கிளறிப் புழுக்களைத் தானே தேடித் தின்பதை நாம் கண்டிருக்கிறோம்.

அடுத்தது வண்டலை அகற்றுவது. ஒரு முனையில் அகன்ற வாயுடைய உறிஞ்சுகுழாய் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிடில் நெகிழிப் புட்டியின் மேற்பகுதியை வெட்டிக் குழாயில் பொருத்திக்கொள்ளலாம். அதனைச் சரளைக்குள் ஊன்றி ஊன்றி எடுத்தால் வண்டலும் புழுவும் நீரோடு வாளிக்கு வந்துவிடும். வாரந்தோறும் கால்பங்கு நீருக்கு மேல் எடுக்கவேண்டா. அந்த வாளி நீரிலேயே வடிகட்டிப் பஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப மாட்டுக, குழாயடிக்குக் கொண்டுபோகற்க. (இவ்வொரு செய்தியை முன்பே அறிந்திருந்தால் மாதுளையடியில் அத்தனை காகிதப் பொதிகள் இரா.) ஊற்றும் நீரை முதல்நாளே அகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்துவைத்தால் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். அவசரத்திற்கு, முன்னாளில் புகைப்படக் கூடங்களில் வழங்கிய ஹைப்போ உப்பே சிறு படிகமாக மீன்கடைகளில் விற்கப்படுகிறது. காற்றுக்குமிழி இயந்திரம் இரவில் ஓய்ந்திருக்கலாகாது; மின்செலவுக்கு அஞ்சி இரவில் நிறுத்துவோர் உயிர்வளி மிகவும் தேவைப்படும் நேரத்தில் நிறுத்துகின்றனர்.

புழுக்கள் அனைத்தையும் ஒரே நாளில் மருந்திட்டுக் கொல்லலாமே என்பாருளர். ஆயிரக்கணக்கான புழுக்கள் சரளைக்குள் இறந்து அழுகினால் அந்த அமோனியாவையும் மீனே சுமக்கவேண்டும்.

பிளனேரியாவுக்கு மட்டும் சிறிது சூழ்ச்சி தேவை. சிறு துளையிட்ட மூடியுள்ள சிமிழியில் ஒரு துண்டு இறைச்சியை வைத்து விளக்கணைத்த பின் தொட்டிக்குள் இறக்கினால், காலைக்குள் புழுக்கள் உள்ளே குழுமியிருக்கும். எடுத்துக் கொதிநீரில் இடலாம். பலமுறை செய்யவேண்டும். அதற்கும் அடங்காவிடில் ஃபென்பெண்டசோல் என்னும் குடற்புழு மருந்து உண்டு. ஆனால் சிலவகை நத்தைகளை அது கொன்றுவிடும் என்பதால் அவற்றை முன்னரே வேறிடம் மாற்றவேண்டும். நத்தை இனத்தைத் தொல்காப்பியர் மரபியலில் ஈரறிவுயிராக வகுத்தார். ஊறும் சுவையும் அறியும் அவ்வுயிர் தன் அருகே நஞ்சு கரைவதை அறிந்தும் ஓட இயலாது.

இதில் நம் நாட்டுக்கு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. பிளனேரியாவை ஒழிக்க வெளிநாடுகளில் விற்கப்படும் பொடி ஒன்றின் மூலப்பொருள் நாம் வெற்றிலையோடு மெல்லும் பாக்கே. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் புழுக்களின் தசையைச் செயலிழக்கச் செய்யும். நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்ற அதன் உப்பை மருத்துவர் ஒருகாலத்தில் வழங்கினர். இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள பாக்கை இடித்துத் தொட்டியில் போடவேண்டா. பாக்குக்குப் பாக்கு வீரியம் வேறுபடும். மீனுக்கும் நத்தைக்கும் அது நஞ்சே.

இனி இவை எங்கிருந்து வருகின்றன என்பது ஒரு வரிச் செய்தி: செடியின் வேரில், மீன் வந்த நீரில், உயிருணவாக விற்கும் டியூபிபெக்ஸ் புழுக்கட்டியில். புதுச்செடியைத் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு இடுவது நலம். எனினும் முற்றும் தடுத்தல் அரிது; எம் நண்பர் சொன்னபடி, புழுவே இல்லாத தொட்டி ஒன்றுண்டானால் அதில் வேறெதுவும் வாழ்கிறதா என்று பார்க்கவேண்டும்.

எஞ்சிய மூன்று கப்பிகளுள் இரண்டு பெண். இன்று தொட்டியில் முப்பதுக்குக் குறையாத மீன்கள் உள்ளன. தீனி டப்பா இப்போது மகளின் பொறுப்பில். எம் கைக்கு அது எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. உறங்கச் செல்லுமுன் கைவிளக்கோடு தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் புழுக்களை எண்ணி நாட்காட்டியில் குறித்துவைக்கிறாள். சென்ற சித்திரையில் ஒருநாள் அவ்வெண் முப்பதைத் தாண்டிற்று. மறுநாள் மீன்களுக்குத் தீனி இல்லை என்று வீட்டிலுள்ள அனைவருக்கும் அறிவிக்கப்பட்டது. நேற்றைய குறிப்பு, ஆறு.